ஆறு வோல்ட் ஜீப் அக்காவுக்கு

அக்கா, இன்று காலை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் துடைத்தேன். ஒரு முனை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றியதும் சுர்ரென்று நுரை பொங்கி, மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்தப் புளித்த வாசனை கிளம்பியது. அவ்வளவுதான், கையில் பழைய டூத் பிரஷ்ஷோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் படத்துக்கு மாலை போட்டபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. சோடாத் தண்ணீர் வாசனைக்கு வந்துவிட்டது.

பதினைந்து வருடம் இருக்கும், நான் உங்களை முதலில் பார்த்து. நாங்கள் வட்டம் என்று சொல்லும் எங்கள் குவார்ட்டர்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வேப்ப மரத்தடியில் கூரையில்லாத பழைய ஜீப் ஒன்று நின்றது. உள்ளே யாரும் இல்லை, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்புறக் குழாயிலிருந்து வந்த புகை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்வரை போனது. வண்டிக்கு முன்னால் சாக்கை விரித்து, கத்தரிக்காயும் கீரையும் பரப்பி வைத்து, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

"யாருதுங்க இந்த வண்டி? இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு" என்றேன்.

"ஓடட்டும்மா. நின்னுச்சின்னா நாலு பேரு தள்ளணும். நீ வந்து தள்றியா?" என்று தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்.

நீங்கள் சொல்லி வாய் மூடவில்லை, இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் எழுந்துபோய் வண்டியில் ஏறி, தரையில் இருந்த ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தீர்கள். உர்ர்... உர்... உ... அரைச் சுற்றுச் சுற்றி, மூச்சு முட்டிப் போனதுபோல் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தபோது அந்த அரைச் சுற்றும் இல்லை. கடைசியில் நானும் வாழைப்பழம் விற்கிற அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து வளைவுவரை தள்ளினோம். அங்கே போய்த்தான் அது உயிர் பிடித்தது. திரும்பி வந்து நிறுத்தி, ஆனால் இன்ஜினை அணைக்காமல், என் பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் திணித்தீர்கள்.

அடுத்த வாரம் சந்தைக் காவலர் வந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் புகையைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டார்கள் என்றார். இன்ஜினை அணைக்காமல் நிறுத்துவதாக இருந்தால் அடுத்த மாதத்திலிருந்து வண்டியை உள்ளே விட மாட்டாராம். அவர் போன பிறகு எட்டுக் கூடைகளையும் ஒரு பார்வை பார்த்தீர்கள். எட்டுக் கூடையோடு ஒரு பெண்பிள்ளையை எந்த பஸ்காரர் ஏற்றுவார்? அந்த ஜீப் இல்லையென்றால் அந்தச் சந்தை உங்களுக்கு இல்லை.

அப்போதுதான் நான் என் படிப்பைப் பற்றி வாயைத் திறந்தேன். "நான் எலெக்ட்ரிகல் டிப்ளமா படிச்சவதாங்க. அனல் மின் நிலையத்துல வேலை பாக்குறேன்."

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "கரன்ட்டு படிச்சவளா? அத மொதல்லியே சொல்றதில்ல? வூட்டாண்ட வந்து பாரு."

இது உங்களுக்குச் சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை, அக்கா. என் கணவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய், அதனால் எனக்குக் கிடைத்த வேலை அது. நான் டிப்ளமா படித்தவள் என்பது விண்ணப்பத்தில் இருந்தது. ஆனால் நான்கு வருடமாக ஒரு அறையில் உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயர மோட்டார்கள் ஓடும். அதன் அதிர்வு என் மேஜைக்கு வரும், தேநீர் டம்ளரில் வளையம் வளையமாகத் தெரியும். அவ்வளவுதான் எனக்கும் மின்சாரத்துக்கும் இருந்த தொடர்பு. வந்து பார் என்று அதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

கம்மாபுரத்தைத் தாண்டி உங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் வந்தேன். கொட்டகையில் ஜீப் நின்றது. உங்கள் மாமனார் ஏதோ ஏலத்தில் எடுத்த வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. "எனுக்கு மாட்ட ஓட்டத் தெரியும். இது பேச்சே கேக்காது" என்று மாமா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள்தான் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். யாரிடம் என்று கேட்டேன். "இதுகிட்டயேதான்" என்று ஜீப்பைக் காட்டினீர்கள்.

இந்தக் காலத்துக் கார்களில் எல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. உங்கள் ஜீப் ஆறு வோல்ட் காலத்தது. அதன் கோளாற்றை வரிசையாகச் சொன்னீர்கள்.

"மூணு மெக்கானிக்கு பாத்துட்டாங்க. பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர கழட்டிக்கினு போயி காயில் சுத்திக்கினு வந்தேன். காத்தால கொஞ்சம் சுத்துது. வெயிலு ஏறி இன்ஜின் சூடாயிடுச்சின்னா செத்த மாரி கெடக்குது. அப்பறம் இன்னோண்ணு. ஸ்டார்ட்டர மிதிக்கறப்ப இந்த சோக் கம்பி சுடுது."

டேஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய கம்பி அது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது இழுத்துப் பிடிப்பது. "இன்ஜின் சூடு ஏறியிருக்கும்க்கா" என்றேன்.

"இல்லம்மா. காத்தால இன்ஜின் சில்லுனு இருக்கறப்பவும் சுடுது."

நான் தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை. சோக் கம்பிக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். எனக்கு அன்று அவசரம். என்னால் முடியும் என்று உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும். மாமாவின் தம்பியுடைய டிராக்டர் பேட்டரி ஓரமாக இருந்தது. பன்னிரண்டு வோல்ட். "இதை மாட்டினா போதும்க்கா, பாருங்க" என்று மாட்டினேன். நீங்கள் மிதித்ததும் இன்ஜின் பம்பரமாகச் சுற்றிக் கிளம்பியது. நீங்கள் கைதட்டினீர்கள். நான் அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலில் என் முகத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது. மந்தாரக்குப்பம் கடைகளுக்குக் கீரை கொண்டுபோகிற வழியில் வண்டி நின்றுவிட்டது என்றீர்கள். அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன். சாலையோரம் ஜீப், அதன் நிழலில் நீங்கள். முந்தைய நாளே விளக்குகளைப் போட்டதும் இரண்டு பல்பும் பளீரென்று எரிந்து போய்விட்டதாம். ஹார்ன் ஒரு தடவை வீறிட்டுவிட்டு ஊமையாகிவிட்டதாம். இப்போது இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து தார் உருகி வழிந்திருந்தது. ஆறு வோல்ட்டுக்குச் செய்தவற்றில் பன்னிரண்டைச் செலுத்தினால் வேறென்ன நடக்கும்? டிப்ளமா முதல் வருடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. கிளப்புவதற்கு மட்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூடைகளில் கீரை துவண்டு கிடந்தது. விடிவதற்கு முன் எழுந்து நீங்கள் பறித்த கீரை. நீங்கள் என்னைத் திட்டப் போகிறீர்கள் என்று நின்றேன். 'கெடுத்துட்டியே' என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னத நீ கேக்கல" என்றீர்கள்.

தலை குனிந்து நின்றேன். இனி இந்தப் பக்கமே வரக் கூடாது, கோப்புக்கு எண் போடத்தான் நான் லாயக்கு என்று மனதுக்குள் ஓடியது. நீங்கள் துவண்ட கீரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னீர்கள்: "வர சனிக்கெழம வா. இந்தத் தடவ நான் சொல்றேன், நீ கேளு."

ஒரு நாள் விளைச்சலைப் பாழாக்கியவளை மறுபடி அதே வண்டியைத் தொட யார் கூப்பிடுவார்கள்?

அந்த வாரம் விருத்தாசலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கிற கடையில் ஆறு வோல்ட் காயில் ஒன்று கிடைத்தது. பழைய ஆறு வோல்ட் பேட்டரியையே திரும்ப வைத்தோம். இந்த முறை நான் எதையும் மாற்றவில்லை. கையில் ஒரு மீட்டர் மட்டும் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கோளாற்றை மறுபடி முதலிலிருந்து சொன்னீர்கள். சோக் கம்பி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். நான் அந்தக் கம்பியில் கை வைத்தேன். "மிதிங்கக்கா." இன்ஜின் முனகியது. காலை ஏழு மணி, இன்ஜின் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. என் விரல் வெடுக்கென்று விலகியது. சுட்டது.

அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

நீங்கள் மிதிக்க மிதிக்க, மீட்டரின் முனைகளை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் ஐந்தேகால் வோல்ட் நின்றது. பாரம் இழுக்கும்போது அந்த அளவு இறங்கத்தான் செய்யும், பேட்டரி மேல் குற்றமில்லை. ஆனால் ஸ்டார்ட்டரில் வைத்துப் பார்த்தால் மூன்றரைதான் காட்டியது. கிளம்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று. நடுவில் எங்கோ தொலைகிறது. இதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீங்களே முந்திக்கொண்டீர்கள்.

"மோட்டார் கொட்டாயில தண்ணி நல்லா வருது, கடைசிக் கழனிக்கு வந்து சேரலன்ற. அப்ப வாய்க்கால்லதான கோளாறு? நாங்க மோட்டார மாத்திக்கினே இருந்திருக்கோம்."

என் ஆசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வாய்க்காலைத் தேடினோம். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தது. நீங்கள் காய்கறிக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஒரு முனையைச் சீவிப் பார்த்தால் முக்கால்வாசி ரப்பர், நடுவில் சுண்டு விரலில் பாதிகூட இல்லாமல் செம்பு. எப்போதோ ஒரு மெக்கானிக் ஏதோ புதுக் காரிலிருந்து கழற்றி மாட்டியது. வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரண்டு மடங்கு ஓட வேண்டும். அந்தக் கார் கேபிள் அதற்குப் போதாது.

அடுத்தது பேட்டரியின் இன்னொரு முனை, மின்சாரம் திரும்பி வருகிற எர்த் பாதை. அது ஒரு செம்புப் பின்னல் பட்டை. வண்டியின் இரும்புச் சட்டமான சேஸியில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. பெயின்ட்டுக்கு மேலேயே இறுக்கியிருந்தது. பட்டை பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. இன்ஜினோ ரப்பர் குஷன்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிக்கும் நேரான இணைப்பே இல்லை. திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் சந்து பொந்தெல்லாம் தேடி, கடைசியில் அந்த மெல்லிய சோக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை பாரம் தாங்காமல் அது சுட்டது.

"அதான் சுட்டுச்சா!" என்று நீங்கள் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினீர்கள். "யோவ், கேட்டியா? கம்பி சுடுதுன்னு நான் சொல்லிக்கினே இருந்தனே, ஒருத்தனாச்சும் கேட்டானா!" மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றும் புரியாமல் தலையைப் பலமாக ஆட்டினார். ஒருத்தனாச்சும் என்ற கணக்கில் என்னைச் சேர்க்காமல் விட்டீர்களே, அதற்கும் நன்றி.

இனித் தடித்த செம்புக் கேபிள் வேண்டும். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. மின் நிலையத்தின் பழைய சாமான் முற்றத்தில் அந்த மாதிரித் துண்டுகள் மழையில் நனைந்து கிடக்கும். இரண்டு முழம் போனால் யாருக்கும் தெரியாது. "பைக்குள்ள வச்சுக் கொண்டுவந்துடறேன்க்கா. எப்படியும் குப்பைதானே" என்றேன். அப்போதே உங்கள் ஊர்ப் பக்கம் எங்கள் மின் நிலைய நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. அதனால் நீங்கள் இதற்கு உடனே சம்மதிப்பீர்கள் என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னீர்கள். "வேணாம்மா. நாளைக்கி அவங்க ஆளுங்க எங்க வூட்டாண்ட வந்து நிப்பாங்க. அப்ப நான் நேரா நின்னு பேசணும். கம்பித் துண்ட வச்சிக்கினு பேச முடியாது."

மந்தாரக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டோம். வெல்டிங் இயந்திரத்துக்குப் போடுகிற கேபிள், கட்டை விரல் தடிமன், உள்ளே முடி போல மெல்லிய செம்பு இழைகள் நிறைய. பட்டறைக்காரரே முனைகளில் லக் என்கிற செம்பு வளையத்தை வைத்து நசுக்கி, ஈயம் உருக்கி ஊற்றிக் கொடுத்தார். ஒன்று பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் சுவிட்சுக்கு, ஒன்று அங்கிருந்து ஸ்டார்ட்டருக்கு, மூன்றாவது பேட்டரியிலிருந்து நேராக இன்ஜினுக்கே. போல்ட் உட்கார்கிற இடத்தைச் சுற்றி உப்புத்தாள் போட்டு, வெள்ளி மாதிரி மின்னும்வரை நீங்கள் தேய்த்தீர்கள். காலால் மிதிக்கிற சுவிட்சைப் பிரித்து, உள்ளே கருகியிருந்த செம்புத் தகட்டையும் தேய்த்தோம். பேட்டரி முனைகளில் பூத்திருந்ததைக் கழுவ நீங்கள்தான் சமையல்கட்டிலிருந்து ஆப்பசோடா டப்பாவை எடுத்து வந்தீர்கள். கொதிக்கிற தண்ணீரில் கலந்து ஊற்றினோம். அந்த நுரையையும் வாசனையையும் பார்த்து, "இட்லி மாவு மாரி பொங்குது பாரு" என்றீர்கள்.

பிறகு ஏறி உட்கார்ந்து மிதித்தீர்கள்.

இன்ஜின் தயங்கவில்லை. நான்கு சுற்றில் கிளம்பியது. நீங்கள் உடனே அதை அணைத்தீர்கள். மறுபடி மிதித்தீர்கள், கிளம்பியது. அணைத்தீர்கள். மறுபடி. இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வந்து, அணைத்து, மிதித்தீர்கள். கிளம்பியது. மாமா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாச்சி? ஏன் நின்னு நின்னு போவுது?"

"ஒண்ணும் ஆவல. நான்தான் நிறுத்தி நிறுத்திப் பாக்குறேன்."

சந்தையில் அந்த ஞாயிறு நீங்கள் காவலருக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினீர்கள். அவர் ஒரு கிலோ வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றுதான் கூடைகள் காலியான பிறகு, அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். கோப்புகளைப் பற்றிச் சொன்னேன். மோட்டார் பக்கம் யாரும் விடுவதில்லை என்று சலித்துக்கொண்டேன்.

"நீ கேட்டியா?"

"கேக்கலக்கா."

"கேக்காமியே குடுக்கலன்னு சொல்லிக்கினு இருக்கியே."

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போய் நின்றேன். பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றம் வேண்டும் என்றேன். கஷ்டமான வேலை அம்மா, ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு வேறு தகுதி எதையும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஜீப்பின் எர்த் கோளாற்றைக் கண்டுபிடித்தேன் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டார். சோக் கம்பி சுட்டதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் என்னைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். ஒரு மோட்டாரில் கோளாறு என்று அழைப்பு வந்தால், பொறியாளரிடம் போவதற்கு முன் அதைத் தினமும் ஓட்டுகிறவரைத் தேடிப் போவேன். பெரும்பாலும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருப்பார். வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்பேன். கோளாற்றில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அந்த அம்மாவுக்கு ஏதோ ஞானதிருஷ்டி என்று பிரிவில் பேசிக்கொள்கிறார்கள்.

நான்கைந்து வருடம் அப்படி நன்றாகப் போனது. பிறகு சுரங்கத்துக்கு நிலம் எடுக்க உங்கள் ஊருக்கு நோட்டீஸ் வந்தது.

அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. செய்தி எனக்கு மின் நிலையத்து உணவகத்தில் தெரிந்தது. உங்கள் கழனியும் வீடும் சுரங்கத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த ஞாயிறு நான் சந்தைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. காய்கறியை வேறு வட்டத்தில் வாங்கினேன். உங்கள் ஜீப் நிற்கிற சாலையைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனேன். உங்கள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? நான் சாப்பிடுகிற சோறும் குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் அங்கிருந்துதான் வருகின்றன. நீங்கள் போன் செய்தபோது எடுக்கவில்லை. ஏழு வாரம், அக்கா.

எட்டாவது ஞாயிறு என் வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஜின் அணைந்தது. கதவைத் திறந்தால், கையில் கீரைக் கட்டோடு நீங்கள்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான்க்கா இருக்கேன்."

"பின்ன ஏன் ஆளையே காணும்?"

நான் அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். நீங்கள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"என் நெலத்த நீயா எடுத்த?"

"என் சம்பளம் அதுலேர்ந்துதானேக்கா வருது."

"எம் மவனும்தான் அங்க கான்ட்ராக்ட்ல போய்க்கினு இருக்கான். அவனாண்ட பேசாம இருக்க முடியுமா?" கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "கோவம் இருக்கும்மா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நெறைய இருக்கு. ஆனா அத உன் தலைல எறக்கி வைக்கறதுக்கு நான் வரல. நீயும் வராம போயிட்டா எனுக்கு வண்டியப் பத்திப் பேச யாரு இருக்கா? எந்திரி, கீரைய ஆயலாம்."

சமையலறைத் தரையில் உட்கார்ந்து இருவரும் கீரை ஆய்ந்தோம். நீங்கள் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். முதல் மிதியிலேயே இன்ஜின் பிடித்தது.

வீட்டைக் காலி செய்த நாளில் நானும் வந்திருந்தேன். பீரோவையும் கட்டிலையும் லாரியில் அனுப்பிவிட்டீர்கள். மற்றதை எல்லாம் ஜீப்பில்தான் கொண்டுபோவேன் என்றீர்கள். ஐந்து நடை போனோம். கடைசி நடையில் நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். மாமா பின்னால் அம்மிக்கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஸ்டியரிங்கில் கை வைத்து, அந்தக் கொட்டகையைப் பார்த்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தீர்கள். பிறகு தலையைத் திருப்பாமல், "மிதிக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். மாமா, "மிதி" என்றார்.

புது இடத்தில் வேறொருவரின் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கீரை மட்டும் போட்டீர்கள். எட்டுக் கூடை மூன்றானது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பேட்டரி முனைகளையும் எர்த் கேபிளையும் கழற்றித் தேய்த்து மாட்டுவோம். அது நமக்கு ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி மருத்துவமனையில் கடைசியாக உங்களைப் பார்த்தபோது பேசவே சிரமப்பட்டீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியை உங்கள் மகன் வாரத்துக்கு ஒரு தரமாவது ஓட்டுகிறானா என்று கேட்டீர்கள். ஓட்டுகிறான் அக்கா. இப்போது அதில் இளநீர் ஏற்றிக்கொண்டு போகிறான்.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எனக்குச் சாத்தூரில் ஒரு தங்கை இருக்கிறாள். நம் பழக்கத்தில் என் குடும்பத்தைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன், அவளை மட்டும் மறைத்துவிட்டேன். எங்கள் அப்பா படுக்கையில் இருந்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். மூன்று முறை என்னைக் கூப்பிட்டாள். இங்கே பெரிய பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சோதனைப் பிரிவுக்கு வந்தவள், விடுப்பு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் காரியம் முடிந்த அன்றே கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நிலம் போன துக்கத்தோடு நீங்கள் என் கதவைத் தேடி வந்தீர்களே, அன்றுகூட எனக்கு அவள் ஞாபகம்தான். அன்றுகூட நான் உங்களிடம் சொல்லவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தேன். போன மாதம் சாத்தூருக்குப் போனேன். போனில் சொல்லிவிட்டுப் போகவில்லை, சொன்னால் எனக்கே தைரியம் போய்விடும். மத்தியானம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "அப்பாவுக்கு நான் வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா. வந்திருக்கணும்" என்றாள். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்து, ஒதுங்கி வழிவிட்டாள்.

மூன்று நாள் இருந்தேன், அக்கா. கடைசி நாள் அவள் என் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே, "இவ்வளவு வருஷம் கழிச்சு இப்ப எப்படி வரணும்னு தோணிச்சு?" என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.